ஞானஸ்நானம் எடுக்கப் போகிறீர்களா? தண்ணீரில் இறங்குமுன் தெரிந்துகொள்ள வேண்டியவை

"அக்கா, எனக்கு எப்ப ஞானஸ்நானம் குடுப்பாங்க?"

ஞாயிறு ஆராதனை முடிந்து பாயைச் சுருட்டும்போது யாராவது ஒருத்தி என்னிடம் இப்படிக் கேட்காத மாதம் இல்லை. மதுரையிலிருந்து சோழவந்தான் போகிற வழியில் உள்ள ஒரு சின்னச் சபையில் எட்டு வருடமாகப் பெண்களுக்கு ஞானஸ்நான வகுப்பு எடுக்கிறேன். கேட்பவளுக்கு உடனே தேதி சொல்ல மாட்டேன். "தண்ணிக்குள்ள நிக்கும்போது உங்கிட்ட என்ன கேப்பாங்கன்னு தெரியுமா?" என்று திருப்பிக் கேட்பேன். பாதிப் பேருக்குத் தெரியாது. எதற்கு ஆமென் சொல்லப்போகிறோம் என்று தெரியாமல் தண்ணீரில் இறங்க வேண்டாம். அதனால் முதலில் கேள்வி, அதற்குப் பிறகு வீடு, அதற்கும் பிறகுதான் துணிமணி, தொட்டி எல்லாம்.

1. கேள்வி என்ன?

சபைக்குச் சபை வாசகம் மாறினாலும் சாரம் ஒன்றுதான். பாவத்தை விட்டுத் திரும்பினாயா? இயேசு கிறிஸ்து உனக்காக மரித்து உயிர்த்தெழுந்தார் என்று விசுவாசிக்கிறாயா? உயிர் உள்ளவரை அவரைப் பின்பற்றுவாயா? கத்தோலிக்கத் திருமுழுக்கில் (ஞானஸ்நானத்தை அவர்கள் அப்படிச் சொல்வார்கள்) முதலில் தீமையை விட்டுவிடுவதைப் பற்றிக் கேட்டுவிட்டு, எதை நம்புகிறோம் என்று அறிக்கையிடும் விசுவாசப் பிரமாணத்தையே பகுதி பகுதியாகக் கேள்வியாக்கிக் கேட்பார்கள். அப்போஸ்தலர் நடபடிகள் 8-ஆம் அதிகாரத்தில் எத்தியோப்பிய மந்திரி, "இதோ, தண்ணீர் இருக்கிறதே" என்று அவசரப்பட்டபோது பிலிப்பு சொன்ன பதிலையும் பாருங்கள்: "நீர் முழு இருதயத்தோடும் விசுவாசித்தால் தடையில்லை." தண்ணீர் பக்கத்திலேயே இருந்தது. ஆனாலும் விசுவாசத்தைப் பற்றிய பேச்சு முடிந்த பிறகுதான் இருவரும் அதில் இறங்கினார்கள்.

கேள்வி தப்பாகிப் போனால் என்ன ஆகும் என்பதை நம் மதுரையே பார்த்திருக்கிறது. 1606-ல் இத்தாலியரான இயேசு சபைக் குரு ராபர்ட் தெ நொபிலி இங்கே வந்தபோது, அவருக்கு முன்பே கொன்சாலோ பெர்னாண்டஸ் என்ற போர்த்துகீசியக் குரு மதுரையில் இருந்தார். ஊர்க்காரர்கள் அவரை நாடி வரவில்லை. அந்தக் காலத்தில் ஞானஸ்நானத்துக்கு வருபவரிடம் "பரங்கிக் குலத்தில் புக வேண்டுமோ?" என்று கேட்கும் வழக்கம் இருந்தது. பரங்கி என்றால் போர்த்துகீசியர். கிறிஸ்துவிடம் வருகிறாயா என்று கேட்க வேண்டிய இடத்தில், அந்நியன் ஆகிவிடுகிறாயா என்று கேட்டார்கள். யார் ஆமென் சொல்வார்கள்? நொபிலி காவி உடுத்தி, மரக்கறி உண்டு, தமிழும் வடமொழியும் படித்தார். ஞானஸ்நானம் பெற்றவர்கள் குடுமியையும் பூணூலையும் சந்தனத்தையும் வைத்துக்கொள்ளட்டும் என்றார். அந்த வழக்கு ரோமாபுரி வரை போய், 1623-ல் பாப்பரசர் பதினைந்தாம் கிரகோரி அனுமதி கொடுத்தார். சாதிப் பிரிவுக்கு நொபிலி இடம் கொடுத்துவிட்டார் என்ற வருத்தம் எனக்கு இன்றும் உண்டு. ஆனால் கேள்வியைத் திருத்த வேண்டும் என்று அவர் கண்டது சரி.

தப்பான கேள்வி இன்றைக்கும் வேறு வேடத்தில் வருகிறது. "மாப்பிள்ளை வீட்டுல ஞானஸ்நான சர்டிபிகேட் கேக்குறாங்க." "முங்கி எந்திரிச்சா சுகர் எறங்கிரும்னு சொன்னாங்க." "வட்டிக் கடன் தீந்துரும்." இப்படிப்பட்ட காரணத்தோடு வருபவர்களை நான் விரட்டுவதில்லை, வகுப்புக்கு வரச் சொல்வேன். அந்தக் காரணம் மட்டுமே கடைசிவரை காரணமாக நின்றால், தேதி வேண்டாம் என்று பாஸ்டரிடம் சொல்லிவிடுவேன். ஞானஸ்நானத்துக்குப் பணமோ பொருளோ வேலையோ தருகிறேன் என்று யார் சொன்னாலும் அந்த இடத்தைவிட்டு எழுந்து வந்துவிடுங்கள். அதற்குக் கட்டணம் கேட்டாலும் அப்படியே.

வகுப்பில் எல்லோரையும் ஒரு பக்கம் எழுதச் சொல்வேன். பிரசங்கத்தில் கேட்ட வார்த்தை வரக் கூடாது, சொந்த வார்த்தையில் மட்டும்: எதை விட்டுத் திரும்பினாய்? மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் சரக்கு எடுத்து விற்கும் ஒரு பெண்ணுக்கு எழுதத் தெரியாது. கையை நீட்டிக் காட்டினாள். முழங்கையிலிருந்து நடுவிரல் நுனி வரை ஒரு முழம். அளக்கும்போது மணிக்கட்டை லேசாக உள்ளே மடக்கினால் ஒவ்வொரு முழத்திலும் நாலு விரற்கடை மிச்சம். "இனிமே கைய மடக்க மாட்டேன்க்கா" என்றாள். யோவான் ஸ்நானனிடம் வந்த வரி வசூலிப்பவர்கள் "நாங்கள் என்ன செய்யவேண்டும்?" என்று கேட்டதும், கட்டளையிட்டதற்கு மேல் வாங்காதே என்று அவர் சொன்னதும் லூக்கா 3-இல் இருக்கிறது. அந்தப் பெண் அதை வாசித்ததே இல்லை.

2. தண்ணீரில் என்ன நடக்கிறது?

'பாப்டிசோ' என்ற கிரேக்கச் சொல்லுக்கு முக்குதல், அமிழ்த்துதல் என்று பொருள். அதன் வேர்ச்சொல்லைத் துணியைச் சாயத்தில் தோய்ப்பதற்கும் சொல்வார்கள். மதுரைக்காரருக்கு இதை விளக்கத் தேவையில்லை. சுங்குடிச் சேலைக்கு முடிச்சுப் போட்டுச் சாயத்தில் முக்கினால் துணி முழுக்க நிறம் ஏறும், இறுக்கிக் கட்டிய இடம் மட்டும் வெள்ளைப் புள்ளியாக நிற்கும். சேலைக்கு அந்தப் புள்ளி அழகு. ஆனால் இதை இங்கே கொடுத்துவிட மாட்டேன் என்று மனசில் முடிச்சுப் போட்டுக்கொண்டு தண்ணீரில் இறங்குகிறவரை நினைத்துப் பாருங்கள்.

பவுல் இன்னும் அழுத்தமான உவமை சொல்கிறார், அதுதான் அடக்கம். ரோமர் 6-இன்படி, தண்ணீருக்குள் போவது கிறிஸ்துவோடு குழிக்குள் போவது, எழுவது அவரோடு எழுவது. மேல் அழுக்கு போகிற குளியல் அல்ல, நல்ல மனசாட்சியோடு தேவனிடம் செய்யும் உடன்படிக்கை என்று 1 பேதுரு 3:21 சொல்கிறது. ஞானஸ்நானம் எடுக்காமல் செத்தால் பரலோகம் இல்லையா என்று வகுப்பில் கட்டாயம் கேட்பார்கள். இயேசுவின் பக்கத்தில் சிலுவையில் தொங்கிய கள்ளனுக்குத் தொட்டியும் கிடைக்கவில்லை, வகுப்பும் கிடைக்கவில்லை, பரதீசு கிடைத்தது. அவனுக்கு இறங்கி வர வழியில்லை, நமக்கு இருக்கிறது. ஞானஸ்நானம் கொடுங்கள் என்பது மத்தேயு 28:19-இல் இயேசுவின் கட்டளை, ஆகவே வாய்ப்பு உள்ளவர் தள்ளிப்போட வேண்டாம்.

3. எந்தச் சபை, எந்த முறை?

மதுரையில் மூன்று முறைகளையும் பார்க்கலாம். கீழவெளி வீதி மரியன்னைப் பேராலயம் போன்ற கத்தோலிக்கக் கோவில்களில் பெரும்பாலும் தலையில் மூன்று முறை தண்ணீர் ஊற்றுவார்கள். எண்ணெய் பூசுவது, வெள்ளை உடை, பாஸ்காத் திரியில் (ஈஸ்டருக்கு ஏற்றும் பெரிய திரி) ஏற்றிய மெழுகுதிரி எல்லாம் உண்டு. பெரியவர்கள் புகுமுக நிலையில் பல மாதம் பயின்று, வழக்கமாகப் பாஸ்கா இரவில், அதாவது ஈஸ்டருக்கு முந்தின இரவில், திருமுழுக்குப் பெறுவார்கள். 1834-ல் வந்த அமெரிக்க மதுரை மிஷனின் வழியில் நிற்கும் சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) சபைகளில் குழந்தைகளுக்கு ஊற்றியோ தெளித்தோ கொடுத்து, வளர்ந்தபின் பேராயர் கைவைத்துத் திடப்படுத்துவார். பெந்தெகொஸ்தே, பாப்திஸ்து சபைகளும் எங்களைப் போன்ற சபைகளும் விசுவாசிப்பவருக்கு மட்டும், முழுக்கு.

நான் முழுக்குக்காரி. ஆனாலும் தண்ணீரின் அளவை வைத்து இன்னொருவரின் விசுவாசத்தை அளப்பது எனக்குப் பிடிக்காது. ஆதிச் சபையின் ஒழுங்குகளைச் சொல்லும் 'திதகே' என்ற மிகப் பழைய ஏடு, ஓடுகிற தண்ணீரில் கொடு, இல்லாவிட்டால் வேறு தண்ணீரில் கொடு, இரண்டுமே போதாவிட்டால் தலையில் மூன்று முறை ஊற்று என்கிறது. வைகை வறண்டு கிடக்கும் நம் ஊருக்கே எழுதியது போல இருக்கும்.

சிக்கல் எங்கே வரும் என்றால், குழந்தையிலேயே ஞானஸ்நானம் பெற்றவர் முழுக்குச் சபைக்கு வரும்போது. அங்கே மறுபடி எடுக்கச் சொல்வார்கள். கத்தோலிக்கரும் சி.எஸ்.ஐ.யும் ஞானஸ்நானம் ஒன்றே, திரும்பக் கொடுப்பதில்லை என்பார்கள். என் கணவர் பசுமலையில் கைக்குழந்தையாகத் தண்ணீர் ஊற்றப்பட்டவர். பதினைந்து வயதில் திடப்படுத்தலின்போது அந்த விசுவாசத்தைத் தன் வாயால் சொன்னார். நான் அவரை இன்றுவரை தொட்டிக்குக் கூப்பிட்டதில்லை. உங்களுக்கு இந்த நிலை என்றால் இரண்டு சபைப் போதகர்களிடமும் உட்கார்ந்து பேசுங்கள். பழைய சபையைப் பழித்துவிட்டுப் புதுத் தண்ணீரில் இறங்காதீர்கள்.

வகுப்பிலேயே வேறு சிலவற்றையும் வெளிப்படையாகக் கேட்டுவிடுங்கள். நகையைக் கழற்றச் சொல்வார்களா? தாலியை? பூ, பொட்டு? பெயரை மாற்றச் சொல்வார்களா? சில சபைகளில் இதெல்லாம் சட்டம், சில சபைகளில் பேச்சே கிடையாது. பெயர் மாற்றம் வேதத்தில் எங்கும் நிபந்தனை இல்லை. விருப்பப்பட்டு வைத்துக்கொண்டாலும் தமிழில் வைக்கலாம். 1745-ல் வடக்கன்குளத்தில் திருமுழுக்குப் பெற்ற நீலகண்ட பிள்ளை, லாசரு என்ற பெயரைத் தமிழாக்கித் தேவசகாயம் ஆனார். பவுல் என்றால் சிறியவர், அதனால்தான் நம் பக்கம் சின்னப்பன்.

4. வீட்டில் சொல்வது

எனக்கு இதுதான் பெரிய படி. இதில் நான் தவறினேன்.

என் சொந்த ஊர் உசிலம்பட்டிப் பக்கம். இருபத்து மூன்று வயதில், தோழி வீட்டுக்குப் போகிறேன் என்று அப்பாவிடம் பொய் சொல்லிவிட்டு வந்து ஞானஸ்நானம் எடுத்தேன். அன்று சாயங்காலமே யாரோ எடுத்த படம் வாட்ஸ்அப்பில் சுற்றி அப்பாவின் கைக்குப் போனது. ஈரத் தலையோடு, கண்ணை மூடிக்கொண்டு நிற்கிற படம். வீட்டுக்குள் நுழைந்ததும் போனை என் முன்னால் நீட்டி, "எங்கிட்டச் சொல்லக் கூடாத அளவுக்கு நான் என்ன தாயி செஞ்சேன்?" என்று கேட்டார். சாமியைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. இரண்டு வருடம் என்னோடு பேசவும் இல்லை. உண்மையாக நடப்பேன் என்று காலையில் தண்ணீருக்குள் சொன்னவள், காலையில் வீட்டில் சொன்னது பொய்.

ஆகவே என் வகுப்பில் ஒரு விதி உண்டு. எழுதிய அந்த ஒரு பக்கத்தை முதலில் வீட்டில் வாசித்துக் காட்ட வேண்டும், சபையில் அதற்கப்புறம். அடி உதைக்கும் உயிருக்கும் பயம் உள்ள வீடு என்றால் இந்த விதி இல்லை. அங்கே போதகரும் பெரியவர் ஒருவரும் சேர்ந்து வேறு வழி பார்ப்போம். பதினெட்டு வயது ஆகாதவருக்குப் பெற்றோர் சம்மதம் இல்லாமல் நாங்கள் கொடுப்பதே இல்லை. கணவனுக்குத் தெரியாமல் மனைவிக்கும், மனைவிக்குத் தெரியாமல் கணவனுக்கும் கூடாது.

ஆண் பிள்ளை என்றால் அம்மாவின் பயம் வேறு. "எனக்குக் கொள்ளி வப்பியாடா?" இதற்குப் பதில் யோசிக்காமல் தண்ணீரில் இறங்கிய பையன்கள், சாவு வீட்டில் தெருவே பார்க்கத் தவித்து நிற்பதைக் கண்டிருக்கிறேன். பாடை தூக்கலாமா, கொள்ளி வைக்கலாமா, குடம் உடைக்கலாமா என்பதில் சபைகள் ஒரே கருத்தில் இல்லை. இப்போதே போதகரிடம் கேட்டு, வீட்டிலும் பேசி முடிவெடுங்கள். கடைசிவரை பக்கத்தில் இருப்பேன், செலவைப் பார்ப்பேன், தோள் கொடுப்பேன் என்பதை எந்தச் சபையும் தடுக்காது. அம்மாவுக்கு முதலில் அதைச் சொல்லுங்கள்.

ஓரியூர் போகிறவர்கள் அருளானந்தர் தலை வெட்டப்பட்ட செம்மண்ணை எடுத்து வருவார்கள். மதுரை மிஷனைச் சேர்ந்த அந்தக் குரு, ஜான் தெ பிரிட்டோ, 1693 ஜனவரி 6-ஆம் தேதி தடியத்தேவருக்கு ஞானஸ்நானம் கொடுத்தார். ஒரே மனைவி என்ற நிபந்தனையை ஏற்று, தேவர் மற்ற மனைவியரை விலக்கினார். அவர்களில் ஒருத்தி ராமநாதபுரம் மன்னர் சேதுபதியின் உறவுக்காரி. அவள் அரண்மனையில் முறையிட்டாள், பிப்ரவரி 4-ஆம் தேதி பிரிட்டோவின் தலை விழுந்தது. பிரசங்கங்களில் குருவின் தியாகத்தைக் கேட்கிறோம், கேட்க வேண்டியதுதான். எனக்கு அந்த விலக்கப்பட்ட பெண்ணின் நினைவும் வரும். அவளிடம் யார் உட்கார்ந்து பேசினார்கள்? ஒருவர் எடுக்கிற ஞானஸ்நானம் வீட்டில் நாலு பேர் வாழ்க்கையைத் தொடுகிறது.

5. சட்டம், சாதிச் சான்றிதழ்

தமிழ்நாட்டில் ஞானஸ்நானம் எடுக்க அதிகாரி யாரிடமும் அனுமதி வாங்க வேண்டியதில்லை. அரசியல் சாசனத்தின் 25-ஆவது பிரிவு மத சுதந்திரத்தைத் தருகிறது. இங்கே 2002-ல் வந்த கட்டாய மதமாற்றத் தடைச் சட்டமும் பிறகு திரும்பப் பெறப்பட்டது.

ஆனால் விளைவுகள் உண்டு, அவற்றை மறைப்பது பாவம். 1950-ஆம் ஆண்டு குடியரசுத் தலைவர் ஆணைப்படி பட்டியல் சாதி என்ற தகுதி இந்து, சீக்கிய, பௌத்த மதத்தினருக்கு மட்டுமே. கிறிஸ்தவரானால் அது போய்விடும், தமிழ்நாட்டில் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் வருவார்கள். ஞானஸ்நானம் பெற்று கிறிஸ்தவராக வாழும் ஒருவர் வேலைக்காகப் பட்டியல் சாதிச் சான்று கேட்ட வழக்கில் உச்ச நீதிமன்றம் 2024 நவம்பரில் மறுத்துத் தீர்ப்புச் சொன்னது. தீண்டாமை மட்டும் தண்ணீரில் கரைந்துவிடுவதில்லை, கல்லறைத் தோட்டத்தைக்கூடச் சாதி பார்த்துப் பிரித்த சபைகள் உண்டு. கிறிஸ்துவுக்குள் ஞானஸ்நானம் பெற்றவரில் அடிமையென்றும் சுயாதீனனென்றும் இல்லை என்ற கலாத்தியர் 3-ஐ வாசித்துவிட்டு எப்படிப் பிரித்தார்களோ! அந்த ஆணை நியாயமில்லை என்பது என் கருத்து. ஆனாலும் படிக்கிற பிள்ளையின் அம்மாவுக்கு இதை முன்கூட்டியே சொல்வது சபையின் கடமை.

இந்து முறையில் நடந்த கல்யாணம் ஞானஸ்நானத்தால் முறியாது. ஆனால் 1955-ஆம் ஆண்டு இந்துத் திருமணச் சட்டத்தில் மதம் மாறுவது விவாகரத்துக்கு ஒரு காரணம். மதம் மாறியவருக்குப் பரம்பரைச் சொத்தில் உரிமை போவதில்லை. மாறிய பின் பிறக்கும் பிள்ளைகளுக்கு இந்து உறவினர் சொத்தில் வாரிசுரிமை விஷயத்தில் தடை உண்டு. சொத்து உள்ள குடும்பம் வக்கீலைப் பார்த்துவிடுவது நல்லது.

6. உடையும் தண்ணீரும்

பெண்களுக்கு: வெள்ளை என்றாலே பாப்ளின் எடுத்துவிடுவார்கள். நனைந்ததும் உடம்போடு ஒட்டி உள்ளே இருப்பதெல்லாம் தெரியும். கெட்டிப் பருத்தியில் தளர்வான சுடிதார், உள்ளே அடர் நிறத்தில் முழு இன்னர், மேலே துப்பட்டாவை இரண்டு தோளிலும் ஊக்குக் குத்தி இடுப்பில் முடிச்சு. சேலைதான் கட்டுவேன் என்றால் உள்ளே பேண்ட் போட்டுக்கொள்ளுங்கள். தண்ணீரில் இறங்கியதும் பாவாடை குடை மாதிரி மேலே எழும்பும். மாற்றுத்துணி, பெரிய துண்டு, ஈரத்துணிக்கு ஒரு கட்டைப்பை. காது மிஷின், கண்ணாடி, கான்டாக்ட் லென்ஸ் எல்லாம் கழற்றிக் கூட வருபவரிடம் கொடுங்கள். துணி மாற்றுவதற்குக் கதவுள்ள அறை இருக்கிறதா என்று முந்தின நாளே போய்ப் பாருங்கள். நாலு பேர் சேலையைப் பிடித்துக்கொண்டு நிற்பது மறைப்பு ஆகாது.

வலிப்பு, இதய நோய், ஆறாத புண், அண்மையில் ஆபரேஷன், கர்ப்பம் எதுவாக இருந்தாலும் போதகரிடம் சொல்லுங்கள். தள்ளிவைக்கலாம், நாற்காலியில் உட்காரவைத்து ஊற்றலாம். எங்கள் சபையிலேயே செய்திருக்கிறோம்.

இடம்: சபைத் தொட்டியோ தோப்புக் கிணற்றடிப் பம்புசெட் தொட்டியோ போதும், மூன்றரை அடித் தண்ணீர் தாராளம். பாசியை முந்தின நாளே தேய்த்துக் கழுவி, படியில் சாக்கு விரியுங்கள். கண்மாய், வாய்க்கால், அணைப் பக்கம் வேண்டாம் என்பேன். சேறும் பள்ளமும் கண்ணுக்குத் தெரியாது, தண்ணீர் திறந்துவிட்டால் நொடியில் ஏறும். மோட்டாரை நிறுத்தி மெயினையும் அணைத்த பிறகே ஆள் இறங்க வேண்டும். வயர் மைக்கைத் தொட்டிப் பக்கமே கொண்டுவரக் கூடாது.

7. அந்த நாள்

முந்தின ராத்திரி நன்றாகத் தூங்குங்கள். உபவாசம் இருப்பவர்கள் தண்ணீராவது குடியுங்கள். வெயிலில் நின்று மயங்கி விழுந்தவரைப் பார்த்திருக்கிறேன். தொட்டிக்குள் போதகரும் துணைக்கு ஒருவரும் நிற்பார்கள். கேள்விகளுக்குச் சத்தமாகப் பதில் சொல்லுங்கள், கரையில் நிற்பவர்கள் சாட்சிகள். இரண்டு கையையும் நெஞ்சில் கோத்துக்கொண்டால் போதகர் ஒரு கையால் அதைப் பிடித்து, மறு கையைப் பிடரிக்குக் கொடுப்பார். "பிதா குமாரன் பரிசுத்த ஆவியின் நாமத்தினாலே" என்று அவர் சொல்லி முடிக்கும்போது முழங்காலை லேசாக மடக்கிப் பின்பக்கமாகச் சாயுங்கள். எட்டிக் குதிக்க வேண்டாம், கைப்பிடியிலிருந்து திமிர வேண்டாம். மூச்சைப் பிடித்து வாயை மூடிக்கொண்டால் போதும், உள்ளே இருப்பது ஒரு நொடி. பயமாக இருந்தால் மூக்கைக் கைக்குட்டையால் பிடித்துக்கொள்ளலாம், தப்பில்லை.

எழுந்ததும் சிலர் அழுவார்கள், சிலர் சிரிப்பார்கள், சிலருக்கு ஒன்றுமே தோன்றாது. ஒன்றும் தோன்றாதவர்தான் அப்புறம் தனியாக வந்து, "எனக்கு ஏதும் குறையா அக்கா?" என்று கேட்பார். இல்லை. உடன்படிக்கை செல்லும்.

போட்டோ: எடுக்கலாமா, யாருக்கு அனுப்பலாம் என்று ஒவ்வொருவரிடமும் முன்பே கேட்டு எழுதி வாங்குகிறோம். வேண்டாம் என்றால் வேண்டாம்தான். ஏன் என்று உங்களுக்கு இப்போது தெரியும்.

8. பிறகு

முதல் திருவிருந்தை (அப்பமும் திராட்சரசமும்) உங்கள் சபை என்றைக்குக் கொடுக்கிறது என்று கேட்டு, அதற்கு இருங்கள். ஞானஸ்நானப் பதிவேட்டில் பெயர், பிறந்த தேதி, ஞானஸ்நானத் தேதி, போதகர் பெயர் எல்லாம் ஆதாரில் உள்ளபடி எழுத்துப் பிழை இல்லாமல் ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். சர்டிபிகேட்டை அன்றே வாங்கி நகல் எடுத்து வையுங்கள். கல்யாணத்துக்கு ஓலை வாசிக்கும்போது, அதாவது சபையில் அறிவிக்கும்போது, தேடி அலைய வேண்டாம்.

அடுத்து வரும் வாரங்கள் வெறுமையாக இருக்கலாம். கூட்டம் கலைந்துவிடும், பழைய கோபமும் பழைய பழக்கமும் அங்கேயே இருக்கும். அதற்காகத்தான் ஒவ்வொருவருக்கும் ஒரு மூத்த விசுவாசியைச் சேர்த்துவிடுகிறோம், ஆறு மாதம் வாரம் ஒருமுறை பேச. அந்தப் பூக்காரப் பெண்ணுக்கு நான். முதல் மாதம் நஷ்டம் என்று அழுதாள். முழம் நீளமாகிவிட்டதால் விலையை இரண்டு ரூபாய் ஏற்றலாமா என்று கேட்டாள். தாராளமாக ஏற்று, சொல்லிவிட்டு ஏற்று என்றேன்.

9. குழந்தைக்கும் அவசரத்துக்கும்

குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுக்கும் சபைகளில் கேள்விகளுக்குப் பெற்றோரும் ஞானப்பெற்றோரும் பதில் சொல்வார்கள். ஆகவே வகுப்பு அவர்களுக்கு. ஞானத்தகப்பனை வசதி பார்த்துத் தேர்ந்தெடுக்காதீர்கள், பிள்ளைக்கு ஜெபம் சொல்லிக் கொடுக்கக் கூடியவரைத் தேர்ந்தெடுங்கள். எங்களைப் போன்ற சபைகளில் கைக்குழந்தையைப் பிரதிஷ்டை செய்து ஆசீர்வதிப்போம், தண்ணீர் பின்னால்.

உயிர் ஊசலாடும் குழந்தைக்கோ, ஆசைப்பட்டுக் கேட்கும் நோயாளிக்கோ போதகர் வரும்வரை காத்திருக்க நேரமில்லை என்றால், கத்தோலிக்க ஒழுங்கின்படி யார் வேண்டுமானாலும் கொடுக்கலாம். சுத்தமான தண்ணீரைத் தலையில் ஊற்றிக்கொண்டே, "பிதா, சுதன், பரிசுத்த ஆவியின் பெயராலே உனக்கு ஞானஸ்நானம் கொடுக்கிறேன்" என்று சொன்னால் போதும். ஐ.சி.யு.வில் இருந்தால் நர்ஸிடம் கேட்டுவிட்டு, பஞ்சில் நனைத்துச் சில துளி நெற்றியில் ஓடவிடலாம். நேரத்தையும், யார் கொடுத்தார், யார் உடன் இருந்தார் என்பதையும் ஒரு தாளில் குறித்துப் பங்குக் குருவிடம் கொடுங்கள், பதிவேட்டில் ஏற்றுவார். நோயாளி பிழைத்து வந்தால் மறுபடி தண்ணீர் ஊற்ற மாட்டார்கள். எண்ணெய் பூசுவது, மெழுகுதிரி போன்ற மீதிச் சடங்குகளைக் கோவிலில் வைத்து நிறைவேற்றுவார்கள்.